ஐவரிலிருந்து இருவர்: பாசிக்குடாவில் ஒரு பாஸ் கலைஞனும் மூன்று கூட்டாளிகளும்

மட்டக்களப்பில் ஜாஸ் வாசித்துப் பிழைக்கலாமா என்று கேட்டால் சிரிப்பார்கள். டபுள் பாஸ் வாசித்துப் பிழைக்கலாமா என்றால், அது என்ன சாமான் என்று கேட்பார்கள். ஆள் உயரத்துக்கு நிற்கிற, நாலு நரம்புள்ள, அடிக்குரல் வாத்தியம் அது. இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டு, இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கும் ஒருவரின் தொழிலை இங்கே ஆராய்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். அதனால் பாஸ்காரர் என்றே எழுதுகிறேன். கூட்டாளிகளுக்கும் பெயரில்லை. நான் அவர்களுக்கு ஒலி அமைப்பவன். மிக்ஸருக்குப் பின்னால் நின்று கேட்டதும், வான் வண்டியில் சாமானோடு சாமானாகத் திரும்பி வரும்போது கதைத்ததும்தான் என்னுடைய ஆதாரங்கள்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் குழுவில் பாஸ்காரர் வேலைக்கு வந்த ஆள். இன்றைக்கு அவருக்கு இயலாவிட்டால் இன்னொருவரைப் பிடித்து நிறுத்தலாம்; சனம் கவனிக்காது. இரண்டு பேர் மட்டும் வாசிக்கிற டுவோவில் அவர் பங்காளி. எதிரே இருப்பவர் மாறினால் இவருடைய கை மாறவேண்டும், காது மாறவேண்டும், சம்பளமும்கூட மாறும். ஆகவே இவருடைய கதையை வருடக் கணக்கில் பிரிக்காமல் கூட்டாளிக் கணக்கில் பிரித்திருக்கிறேன்.

ஏன் இரண்டு பேர்

2019 ஏப்ரல் வரை அது ஐந்து பேர் குழு. டிரம்ஸ், கீபோர்ட், கிட்டார், பாஸ், ஒரு பாடகி. உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததோடு அந்த சீசன் போனது. அடுத்த வருடம் கொரோனா. அதிலிருந்து தலை தூக்குகிற நேரத்தில் 2022: பெற்றோல் வரிசை, ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரன்ட் இல்லை, இருநூறு ரூபாய்ச் சொச்சத்தில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. டிரம்ஸ்காரர் கட்டாருக்குப் போனார். பாடகி கொழும்போடு நின்றுவிட்டார். ஹோட்டல்கள் மெல்லத் திறந்தபோது மனேஜர்மார் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ரெண்டு பேரோட முடிக்க ஏலாதா தம்பி?"

கலைக்காக யாரும் இரண்டு பேராகவில்லை. இது இங்கே மட்டும் நடந்த விஷயமும் இல்லை. நியூயார்க்கில் 1926இல் வந்த கேபரே சட்டம் என்று ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அதில் செய்த திருத்தப்படி, கேபரே அனுமதிப்பத்திரம் (ஆட்டம் பாட்டு நடத்தும் அனுமதி) இல்லாத உணவகத்தில் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது. பியானோவும் தந்தி வாத்தியங்களும் சரி, டிரம்ஸும் ஊதுவாத்தியமும் கூடாது. 1986இலும் 1988இலும் நீதிமன்றம் போய்த்தான் அந்தக் கட்டுப்பாடுகளை உடைத்தார்கள். சட்டமே ஒழிந்தது 2017இல். 1969 முதல் 1996 வரை கிரீனிச் வில்லேஜில் இருந்த பிராட்லீஸ் என்ற சின்ன பார், பியானோவும் பாஸுமாக வாசிக்கும் டுவோவுக்கே பெயர்போனது. ஜாஸ் உலகம் இன்று பெருமையாகப் பேசுகிற அந்த நெருக்கமான இசைக்குப் பின்னால் ஒரு நகரசபை விதிக்கும் பங்குண்டு.

இங்கே பொலிஸ் அனுமதி. ஒலிபெருக்கிக்கு அனுமதி எடுக்கவேண்டும். இரவு 10 முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிரம்ஸ் வைத்த குழு பத்து மணிக்குக் கடையைக் கட்டவேண்டும். டுவோ என்றால் பத்து மணிக்கு அம்பை (சத்தத்தைக் கூட்டுகிற அம்ப்ளிஃபயரை) நிறுத்திவிட்டு, வெறும் மரச் சத்தத்தில் இன்னும் கொஞ்ச நேரம் வாசிக்கலாம். பக்கத்து மேசைக்கு மேல் கேட்காது. மனேஜருக்கு இது பிடித்துப்போனது.

உண்மையான போட்டி வேறு இடத்தில் இருந்தது. வன் மேன் பேண்ட் என்கிற ஒரு ஆள், ஒரு கீபோர்ட், ஒரு பென் டிரைவ். டிரம்ஸ், பாஸ், வயலின் எல்லாம் டிராக்கில் ஓடும். அவர் மேலே பாடுவார். சம்பளம் ஒருவருக்கு, சாப்பாடும் ஒருவருக்கு. பாஸ்காரருடைய வயிற்றில் அடித்தது இந்தப் பென் டிரைவ்தான். அதைவிடத் தன்னிடம் என்ன கூடுதலாக இருக்கிறது என்பதை மனேஜருக்குக் கேட்கவைப்பதுதான் அன்றிலிருந்து அவருடைய தொழில்.

சாமானும் காற்றும்

அவருடைய டபுள் பாஸ் ப்ளைவுட். கொழும்பில் ஹோட்டல் வாசிப்பை விட்டுவிட்ட ஒரு பெரியவரிடம் வாங்கியது. செதுக்கிய மரத்தில் செய்த பாஸுக்குத்தான் நல்ல தொனி என்று எல்லோரும் சொல்வார்கள். கிழக்குக் கரையில் அதை வைத்துக் காப்பாற்றிப் பார்க்கட்டும். சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அதே மாதங்களில்தான் கச்சான் காற்றும். மத்தியானம் மேற்கிலிருந்து காய்ந்த சூடு அடிக்கும். பொழுதுபட்டால் கடல் ஈரம். நடுவில் ஒரு மணிநேரம் ஏசி போட்ட லொபி. மரம் ஈரத்தில் உப்பினால் நரம்பைத் தாங்கும் பிரிட்ஜ் எழும்பி நரம்பு உயர்ந்துவிடும், விரல் நோகும். காய்ந்தால் நரம்பு தணிந்து பலகையில் உரசிக் கிரீச்சிடும். ப்ளைவுட் இவ்வளவு ஆடாது. பிரிட்ஜின் காலில் திருகுகிற சில்லு இரண்டு போட்டிருக்கிறார். போனதும் முதல் வேலை அதில் கால் சுற்று ஏற்றுவதோ இறக்குவதோதான்.

நரம்பு மாற்றும்போது நாலையும் ஒன்றாகக் கழற்றமாட்டார். உள்ளே முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு கட்டை நிற்கிறது, சவுண்ட் போஸ்ட். பசை இல்லை, ஆணி இல்லை. நரம்பின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. எல்லா நரம்பும் தளர்ந்தால் விழுந்துவிடும். அதை ஓட்டை வழியாக நிமிர்த்தி வைக்கத் தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. ஒருமுறை விழுந்தபோது வளைத்த கம்பியும் பல் வைத்தியர் பாவிக்கிற மாதிரிக் கண்ணாடியும் வைத்து ஒரு முழுப் பகல் மல்லுக்கட்டினார்.

நரம்பு செட் ஒன்று டொலர் விலையில்தான் வரும். 2022இல் அதன் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தவர், அதன்பிறகு பழைய நரம்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தே ஓட்டுகிறார்.

அப்புறம் போக்குவரத்து. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற சாமான் ஓட்டோவில் ஏறாது. பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றமாட்டார். கல்லடியிலிருந்து பாசிக்குடாவுக்கு ஏறாவூர், செங்கலடி, கிரான், வாழைச்சேனை என்று வான்தான். பொத்துவில் பக்கம் என்றால் அதைவிடத் தூரம். ஐந்து பேர் இருந்தபோது வான் கூலி ஐந்தாகப் பிரிந்தது. இப்போது இரண்டாகத்தான் பிரியும். மனேஜர் "ஆள் குறைஞ்சிட்டு, காசும் குறையும்தானே" என்கிறபோது இந்தக் கணக்கை அவருக்கு விளங்கவைப்பது பெரும் பாடு.

முதலாவது கூட்டாளி: கிட்டார்

மட்டக்களப்பு டச்பார் பக்கத்துப் பறங்கியர் (ஐரோப்பிய வம்சாவளியினர்) குடும்பத்து மனிதர். கல்யாண வீடுகளில் மாண்டலினும் கிட்டாரும் வாசித்து வளர்ந்தவர். பைலா, கஃப்ரிஞ்ஞா என்கிற ஆட்டப் பாட்டு வகைகள் அவருடைய கையிலேயே இருந்தன. ஜாஸ் அவருக்கு வானொலியிலும் பழைய தட்டுகளிலும் கேட்ட சங்கதி. பாஸ்காரருக்கு அவர் அங்கிள்.

முதல் சில மாதம் மிக்ஸருக்குப் பின்னால் இருந்த எனக்கு ஒரே குழப்பம். இரண்டு வாத்தியமும் தனித்தனியே நன்றாகக் கேட்கும், சேர்ந்தால் சேறு. பைலாக் கை ஆறு கம்பியையும் ஒன்றாக அடிக்கும் கை. கிட்டாரின் அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸ். பாஸ் நடக்கிற வழியும் அதேதான். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஆளையாள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் எவ்வளவு திருகினாலும் அது மிக்ஸரில் தீர்கிற பிரச்சினை இல்லை.

"அங்கிள், கீழ ரெண்டு கம்பிய எனக்கு விட்டிருங்க."

"அப்ப எனக்கு என்ன மனே மிச்சம்?"

மிச்சம் மூன்று சுரம். ஒரு கோர்டை (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டத்தை) அடையாளம் காட்ட அதன் மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும் போதும். அடிச்சுரத்தைப் பாஸ் சொல்லிவிடும்; ஐந்தாவது இல்லாவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். நடுக் கம்பிகளில் இரண்டு சுரம், மேலே மெலடிக்கு ஒன்று. 1972இல் கிட்டார்காரர் ஜிம் ஹாலும் பாஸ்காரர் ரொன் கார்ட்டரும் நியூயார்க்கில் சபையோர் முன்னால் வாசித்துப் பதிந்த டுவோ தட்டைப் போட்டுக் காட்டினார் பாஸ்காரர். அங்கிள் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னது: "இந்த மனிசன் அரைவாசி நேரம் வாசிக்கவே இல்லையே!" அதுதான் பாடம். ஆனால் நாற்பது வருடம் அடித்த கையை அடிக்காமல் இருக்கப் பழக்குவது லேசில்லை. இரண்டு சீசன் பிடித்தது.

பாஸ்காரர் பக்கமும் மாறவேண்டியிருந்தது. குழுவில் இருந்தபோது டிரம்ஸின் சிம்பல் தாளத்தைச் சொல்லிக்கொண்டே இருந்ததால் இவர் சுரத்தைக் கட்டையாக வெட்டி வாசித்தாலும் ஓடியது. டுவோவில் அவர் சுரத்தை வெட்டினால் அடுத்த அடி வரை ஒரு ஓட்டை. ஆகவே ஒரு சுரம் முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும்படி இடக்கை விரலைக் கடைசி நொடிவரை அழுத்திப் பிடிக்கவேண்டும். இது கேட்கச் சின்ன விஷயம். 45 நிமிடம் வீதம் மூன்று செட் வாசித்தால் பெருவிரலடித் தசை எரியும். அவருடைய இடது மணிக்கட்டு நோவு இங்கேதான் தொடங்கியது.

இன்னொன்று பாட்டின் உருவம். முப்பத்திரண்டு அட்சரம் (இங்கே அட்சரம் என்பது நாலு அடி கொண்ட ஒரு பார்), நாலு எட்டாகப் பிரிந்து சுழல்கிறது என்று வையுங்கள். டிரம்ஸ்காரர் ஒவ்வொரு எட்டின் முடிவிலும் ஒரு உருட்டு உருட்டி "வந்துவிட்டோம்" என்பார். அவர் இல்லாதபோது அந்தப் பொறுப்பும் பாஸுக்குத்தான். முதல் சுற்றை அட்சரத்துக்கு இரண்டு சுரமாக வைத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் நாலாக நடப்பார். நடு எட்டு முடிந்து முதல் மெட்டுக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் மிகக் கீழே ஒரு சுரத்தை இறக்குவார். அங்கிள் தனி வாசிப்பில் எங்கே தொலைந்தாலும் அந்தச் சுரத்தில் வீடு திரும்பிவிடுவார்.

அங்கிளிடமிருந்து பாஸ்காரர் எடுத்தது கஃப்ரிஞ்ஞாவின் ஆறெட்டுத் தாளம் (6/8). அதைக் கொஞ்சம் நிதானமாக்கி, பாஸ் இரண்டாக நடக்க கிட்டார் மூன்றாக அளக்க ஜாஸ் பாட்டுகளை அதில் போட்டார்கள். வெள்ளைக்காரருக்கு அது புதினம். உள்ளூர் ஆட்கள் அதைக் கேட்டால் கால் தானாகத் தட்டும். மனேஜர் முதன்முதலாக "டுவோ" என்று மரியாதையாகச் சொன்னது அந்தச் சீசனில்.

பிள்ளைகள் அவுஸ்திரேலியாவிலிருந்து கூப்பிட, அங்கிள் போய்விட்டார். இங்கேதான் டுவோவின் பலவீனம் தெரிந்தது. ஐந்து பேரில் ஒருவர் போனால் மிச்சம் நாலு. இரண்டில் ஒருவர் போனால் மிச்சம் ஒன்று என்று கணக்குச் சொல்லும். உண்மையில் மிச்சம் எதுவுமில்லை. அந்த ஆறெட்டுப் பாட்டுகளில் ஒன்றைக்கூட அதன்பிறகு பாஸ்காரரால் இன்னொருவரோடு வாசிக்க முடியவில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்பதெல்லாம் எழுதிவைத்த சங்கதி இல்லை.

இரண்டாவது: கீபோர்ட்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். இளைஞர், கெட்டிக்காரர், வேகமான கை. வன் மேன் பேண்ட் செய்து பழகியவர் என்பதுதான் சிக்கல்: இடக்கை நிற்காது. பாஸ்காரர் நடக்கிற அதே வழியில் அதுவும் நடக்கும், அரைச்சுரம் தள்ளி மோதும். 1939, 1940இல் டியூக் எலிங்டன் பியானோவும் ஜிம்மி பிளாண்டன் பாஸுமாக மட்டும் பதிந்த தட்டுகளைப் பாஸ்காரர் போட்டுக்காட்டினார். அங்கே பியானோ விலகி நின்று பாஸை மெலடி வாசிக்க விடுகிறது. பாஸ் முன்னால் வருகிற வாத்தியம் என்பதைக் காட்டிய பதிவுகள் அவை. பிளாண்டன் 1942இல், 23 வயதில், காசநோயில் இறந்துபோனார். இளைஞர் மரியாதையாகக் கேட்டார். மேடையில் இடக்கை மறுபடி இறங்கியது.

ஒருநாள் பாஸ்காரர் காய்ச்சலில் படுத்துவிட, கீபோர்ட்காரர் டிராக்கைப் போட்டுத் தனியே முடித்தார். மனேஜர் முழுச் சம்பளத்தையும் கொடுத்தார். அதோடு விளங்கிவிட்டது. இளைஞருக்கு மாலைதீவில் ஒரு ரிசோர்ட் ஒப்பந்தமும் வந்தது. நல்ல சம்பளம், டொலரில். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

மூன்றாவது: வயலின்

கல்லடியில் கர்நாடக இசை படித்து, பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிற டீச்சர். பாஸ்காரரை அண்ணா என்பார். இவர் அவரை டீச்சர் என்பார். பாசிக்குடாவுக்கு வரும்போது தகப்பனாரும் வானில் வருவார், பார் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளேன்ரீ குடிப்பார். போயா (பௌர்ணமி) தினத்தில் பார் மூடியிருப்பதால் அன்றைக்கு ஹோட்டலில் நிகழ்ச்சியில்லை. டீச்சருக்குக் கோயில் கச்சேரி அதே நாட்களில்தான் வரும். இப்படி ஒரு பொருத்தம்.

ஹோட்டல்காரர்கள் முதலில் தயங்கியது இசைக்காக இல்லை. டீச்சர் நிலத்தில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றித்தான் வாசிப்பார். "நின்டு வாசிச்சா போட்டோவுக்கு நல்லாருக்கும்" என்றார் ஒரு மனேஜர். டீச்சர் பதிலே சொல்லவில்லை. கடைசியில் ஒரு தாழ்ந்த பலகை மேடை செய்தோம்.

இங்கே கோர்ட் வாசிக்க ஆளில்லை. வயலின் ஒரு கோடு, பாஸ் ஒரு கோடு. மூன்றாவது சுரத்தைச் சொல்ல யாராவது வேண்டுமே. பாஸ்காரர் பத்தாவதுக்குப் போனார்: அடிச்சுரத்தை E நரம்பிலும், அதன் மூன்றாவதை ஒரு ஸ்தாயி மேலே G நரம்பிலும் ஒன்றாக இழுப்பது. மைனர் என்றால் இரண்டு விரலும் ஒரே நேர்கோட்டில் விழும். மேஜர் என்றால் மேல்விரல் ஒரு அரைச்சுரம் தள்ளிப்போகும். அவ்வளவுதான். இரண்டு நரம்பில் ஒரு முழு கோர்ட் நிற்கும். இதை எல்லா இடத்திலும் செய்தால் சலிக்கும். கோர்ட் திசை மாறுகிற இடத்தில் மட்டும்.

முதல் ஒத்திகையில் டீச்சர் கேட்டது: "சா எங்க அண்ணா?"

கேள்வி நியாயமானது. சா என்கிற சட்ஜம்தான் மற்றச் சுரங்களுக்கெல்லாம் அடி. சுருதி என்பது கச்சேரி முடியும்வரை அசையாத சாமான். ஜாஸ் பாட்டில் நாலு அட்சரத்துக்குள் மூன்று வீடு மாறும். D மைனர், G ஏழு, C மேஜர் என்பது ஜாஸில் நித்தம் வருகிற நடை. டீச்சர் அதைக் கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டுத் தானே கண்டுபிடித்தார்: மூன்றுக்கும் சுரம் ஒன்றே. C-யைச் சட்ஜமாக வைத்தால் சங்கராபரணம். D-யை வைத்தால் கரகரப்பிரியா. G-யை வைத்தால் ஹரிகாம்போதி. இதுதான் கிரகபேதம், சட்ஜத்தை இடம் மாற்றி ஒரு ராகத்திலிருந்து இன்னொன்றை எடுப்பது. கச்சேரியில் எப்போதாவது ஒரு வித்தையாகக் காட்டுகிற சங்கதியை இவர்கள் நொடிக்கு நொடி செய்கிறார்கள், அவ்வளவுதானே என்றார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட யாழ் நூலில் பாலைத்திரிபியல் என்று ஓர் இயலே உண்டு. நரம்பின் நிலையை மாற்றி ஒரு பாலையிலிருந்து (பழந்தமிழ்ச் சுர வரிசையிலிருந்து) இன்னொன்றைப் பிறப்பிக்கிற கணக்கு. கல்லடியில் சங்கீதம் படித்தவருக்கு அந்தப் பெயர் புதிதில்லை. நியூயார்க் பார்களின் இசைக்கு இங்கே ஏற்கனவே ஒரு வாசல் இருந்ததைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் மலைப்பாக இருந்தது.

மைனர் பாட்டில் வழி அடைபட்டது. கீரவாணி சரி. அதன் பஞ்சமத்தை (ஐந்தாம் சுரமான பாவை) சட்ஜமாக வைத்தால் வகுளாபரணம், அதுவும் சரி. ஐந்தாம் கோர்டுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் அதற்கு முன்னால் வருகிற இரண்டாம் கோர்டில், கீரவாணியின் ரிஷபத்தைச் சட்ஜமாக்கினால் பஞ்சமம் விழுவதில்லை. பஞ்சமம் இல்லாமல் மேளகர்த்தா (ஏழு சுரமும் உள்ள தாய் ராகம்) ஏது? அந்த இரண்டு அட்சரத்துக்கு டீச்சர் ராகத்தை விட்டுவிட்டு, பாஸ் சொல்கிற சுரத்துக்குப் பக்கத்துச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு காதால் கடப்பார். அங்கே மட்டும் வில் மெதுவாகும். சபையில் இருப்பவர்களுக்கு அது பாவமாகக் கேட்கும்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, இன்னொரு வில்லங்கம். கரகரப்பிரியாவில் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, ஆடும். பாஸ்காரரோ அதே காந்தாரத்தைப் பத்தாவதாக அசையாமல் பிடித்திருப்பார். இரண்டும் உரசும். பல இரவு இதைக் கேட்டபின் நான் சொன்னேன், ஒருவர் விடவேண்டும் என்று. பாஸ்காரர்தான் விட்டார். டீச்சர் கமகத்துக்குப் போகிற சாடை தெரிந்தால் மேல்விரலை எடுத்துவிடுவார், அடிச்சுரம் மட்டும் நிற்கும். தாளத்தில் அவ்வளவு கஷ்டமில்லை: ஜாஸின் நீட்டல் குறுக்கலை, மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடையில் இரண்டும் ஒன்றுமாக டீச்சர் எண்ணிக்கொண்டார். வேகம் கூடினால் அந்தக் கணக்கு கரைந்துவிடும். அதற்குள் காது பழகிவிட்டது.

சனம் பாட்டும் கேட்கும். காத்தான்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் குடும்பமாக வருபவர்கள் இளையராஜா கேட்பார்கள். பாஸ்காரர் இதற்கு முகம் சுளிப்பதில்லை. அந்தப் பாட்டுகளின் பாஸ் கோடுகளைத் தனியே எடுத்து வாசித்தாலே முழுப் பாட்டும் தெரிகிறது. டுவோவுக்கென்றே எழுதியது போல இருக்கும் என்பார். மேசைகளில் பேச்சு நிற்பதை நான் அதிகம் கண்டது அப்போதுதான்.

இனி, கரன்ட் சுருதியின் கதை. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல், நீச்சல் குளத்தருகே மேடை. சவுண்ட் செக். டீச்சரின் சட்ஜம் அன்று ஐந்து கட்டை, அதாவது G. வயலின் G, D, G, D என்று நின்றது. பாஸிலும் D, G இரண்டும் திறந்த நரம்பு, இருவருக்கும் வசதி.

"அண்ணா, உங்கட சா கூடி இரிக்கு."

டியூனரில் பச்சை விளக்கு. சரியாகத்தான் இருந்தது.

"இல்ல, கூடி இரிக்கு. பாவும் கூடி இரிக்கு."

பாஸ்காரர் இரண்டு கையையும் நரம்பிலிருந்து எடுத்துவிட்டார். பொக்ஸிலிருந்து சா நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் கோளாறு வந்தால் ஒலி அமைப்பில் 50, அதன் மேலே 100, 150 என்று இரைச்சல் எழும். பாஸின் அடி G 49 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் G 98, D கிட்டத்தட்ட 147. ஆக அந்த இரைச்சல் சட்ஜமும் பஞ்சமமுமாகவே நிற்கும், ஒவ்வொன்றும் ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே ஏறி. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே அது B-க்கும் அதற்குக் கீழுள்ள சுரத்துக்கும் நடுவில் எங்கேயோ விழும், இவ்வளவு தொந்தரவில்லை. நாங்கள் அதை வெறும் இரைச்சல் என்று பழகிவிட்டவர்கள். சுருதிக் காது உள்ளவருக்கு அது பிழையான தம்புரா.

காரணம் சாதாரணமானது. பாஸ் அம்புக்குக் கரன்ட் பார் பக்கத்து சொக்கட்டிலிருந்து. மிக்ஸருக்குக் குளத்துப் பம்ப் பக்கத்திலிருந்து. இரண்டுக்கும் எர்த் வேறு. இரண்டையும் இணைக்கிற ஒலி வயரின் உறை வழியாக மின்னோட்டம் ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே சொக்கட்டில் எடுக்கவேண்டும். அல்லது நடுவில் எர்த்தைத் துண்டிக்கிற சுவிட்ச் உள்ள டிஐ பொக்ஸ் போடவேண்டும். சிலர் ப்ளக்கின் எர்த் பின்னையே முறித்துவிடுவார்கள். இரைச்சல் போகும். குளத்தருகே ஈரக் காலோடு நிற்கிற ஆள் செத்தும் போவார். அதை மட்டும் செய்யக் கூடாது.

வயரை மாற்றி இரைச்சலை முக்கால்வாசி குறைத்தோம். மிச்சம் குளத்து விளக்குகளிலிருந்து வந்தது. விளக்கை அணைக்க மனேஜர் விடவில்லை. டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கரன்ட எறக்க ஏலாது. நாங்க ஏறுவம்."

இரண்டும் நரம்பை முறுக்கிச் சுருதி ஏற்றுகிற வாத்தியங்கள். இரண்டு பேரும் சுருதியை இரைச்சலுக்கு ஏற்றினார்கள். 440 என்று வைக்கிற A அன்று ஏறக்குறைய 449. இரைச்சல் சட்ஜத்துக்குள் போய் மறைந்துவிட்டது. இருந்த இடம் தெரியவில்லை.  எட்டரை மணிக்குக் கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. சுமை குறைந்தால் ஜெனரேட்டர் கொஞ்சம் வேகமாக ஓடும். சாவும் கூடவே ஏறத் தொடங்கியது. பாஸ்காரர் சிரித்துக்கொண்டே அம்பின் ப்ளக்கைப் பிடுங்கினார். மிச்சத்தை மரச் சத்தத்தில் முடித்தார்கள்.

காசு

சீசனில் சம்பளம் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி, செக்கில், பெரும்பாலும் மாதம் கடந்து. வாடை தொடங்கி மழை இறங்கினால் ஹோட்டல் வேலை நின்றுவிடும். நத்தாருக்குத் தேவாலயங்களும் கல்யாண வீடுகளும் கொஞ்சம் தாங்கும். மிச்சத்துக்குப் பிள்ளைகளுக்குக் கிட்டார் படிப்பிக்கிறார். டபுள் பாஸ் படிக்க யாரும் வந்ததில்லை. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) இரண்டாம் நாலாம் அடியில் மட்டும் தட்டவிட்டு, பிறகு நாலு அட்சரத்துக்கு ஒருமுறை மட்டும் தட்டவிட்டுப் பயிற்சி செய்வதும் அந்த மாதங்களில்தான். டிரம்ஸ் இல்லாதவர் வேகம் பிடித்தால் தடுக்க ஆளில்லை.

டீச்சருக்கு இடமாற்றம் வரலாம் என்ற பேச்சு இப்போதே இருக்கிறது. அதனால் கடந்த சீசன் தொடங்குமுன் பாஸ்காரர் ஹோட்டல்களுக்குக் கொடுக்கிற கடிதத்தை மாற்றினார். முன்பு "இருவர் குழு, ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு" என்றிருந்தது. இப்போது இரண்டு பெயரும் எழுதி, ஒருவர் வர முடியாவிட்டால் நிகழ்ச்சி இல்லை, மாற்று ஆளோ டிராக்கோ வைத்து நடத்துவதில்லை, வான் கூலி தனி என்று போட்டார். பாசிக்குடாவில் ஒரு மனேஜர் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்னொருவர் அந்தக் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வன் மேன் பேண்டைப் பிடித்துக்கொண்டார். அறுகம்பேயிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.